ட்ரிக்கர் எந்தப் பாதியில் இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை சின்சினாட்டியில் இருந்து ஒரு தம்பி போன் செய்தார். கிரீன் கார்டு வந்த கையோடு ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கி, ரேஞ்சில் உறுப்பினராகி, வாரம் தவறாமல் போய்ச் சுட்டுவருகிறவர். "அண்ணா, தோட்டாவுக்கே மாசம் 100 டாலருக்கு மேல போகுது. .22 கன்வர்ஷன் கிட் ஒண்ணு 350 டாலருக்கு வருது, வாங்கிடட்டுமா?" என்று கேட்டார்.

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் அப்படி இரண்டு கிட் வாங்கியவன். ஒன்றை எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். இன்னொன்று ஒன்பது வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் என் பையில் கிளப்புக்குப் போகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதியே அனுப்புகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பிஸ்டலை இரண்டு பாதியாகப் பிரிக்கலாம். கையில் பிடிக்கிற ஃபிரேம் கீழ்ப்பாதி. குண்டு வெளியே போகும் குழாயான பேரலும், அதை மூடி, சுடும்போது முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும் மேல்பாதி. .22, 9 எம்எம், .45 என்பதெல்லாம் குண்டின் அகலத்தைச் சொல்லும் எண்கள்; .22 சின்னது, மலிவானது. கிட் என்பது மேல்பாதிக்குப் பதிலாக மாட்டுகிற இன்னொரு மேல்பாதி. அதோடு .22 தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் வரும். அமெரிக்க மத்திய சட்டப்படி சீரியல் நம்பர் பொறித்த ஃபிரேம்தான் 'துப்பாக்கி'. அதனால் கிட் வாங்க, துப்பாக்கி வாங்குவோர் கடையில் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் வேண்டாம். புத்தகம் வருவது போல வீட்டு வாசலுக்குப் பார்சலில் வந்துவிடும். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், அதை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள். H-1B மாதிரி விசாவில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் அனுமதிப்பதில்லை. ஆசைப்பட்டு வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. கோல்ட் நிறுவனம் தன் .45 பிஸ்டலைப் போலவே இருக்கும் 'ஏஸ்' என்ற .22 பிஸ்டலை 1931-லேயே விற்றது. மலிவான தோட்டாவில் .45 பயிற்சி, அவ்வளவுதான் நோக்கம். அதில் ஒரு குறை இருந்தது. .45 தோட்டாவின் ஈயக்குண்டு 230 கிரெய்ன், அதாவது சுமார் 15 கிராம்; .22-இன் குண்டு 40 கிரெய்ன், மூன்று கிராம்கூடக் கிடையாது. அந்தச் சின்னக் குண்டு கொடுக்கும் உதையில் கனமான எஃகு ஸ்லைடு பின்னால் போய்வரச் சிரமப்படும். இதற்கு வழி கண்டுபிடித்தவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். வட கரோலினாவில் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோதே துப்பாக்கிகளை வடிவமைக்கத் தொடங்கியவர். பேரலின் பின்பகுதியில் தோட்டா உட்காரும் அறையைத் தனித் துண்டாக்கி, வெடிக்கும்போது அதுவும் சேர்ந்து ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளும்படி செய்தார். .22 சுட்டாலும் கையில் பெரிய துப்பாக்கியின் உதை போலத் தெரியும். 1938-இல் கோல்ட் அதைக் கன்வர்ஷன் கிட்டாகவே விற்றது. எங்கள் கிளப்பில் ஒரு பெரியவரிடம் அந்தக் காலத்துக் கிட் ஒன்று இன்றும் இருக்கிறது. ஒரு தடவை எனக்குச் சுடக் கொடுத்தார். எண்பது வருடப் பழைய இரும்பு, ஒரு முறைகூடச் சிக்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊரில், கரூரில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டதோடு எனக்கும் துப்பாக்கிக்குமான உறவு முடிந்திருந்தது. ஓஹையோவுக்கு வந்து பல வருடம் கழித்து, அலுவலகத்தில் ஒருவர் புல்ஸ்ஐ போட்டிக்கு அழைத்துப் போனார். ஒற்றைக் கையால் பிஸ்டலை நீட்டிப் பிடித்துச் சுடுகிற பழைய பாணிப் போட்டி. முழுப் போட்டிக்கு 2700 என்றே பெயர்: .22-இல் 90 குண்டு, சென்டர்ஃபயர் எனப்படும் பெரிய ரகத்தில் 90, .45-இல் 90, ஆக 270 குண்டு, ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. வெளி மைதானத்தில் 50 கஜத்தில் பத்து நிமிடத்துக்குப் பத்து குண்டு நிதானமாக. பிறகு 25 கஜத்தில் 20 விநாடிக்கு ஐந்து, கடைசியில் 10 விநாடிக்கு ஐந்து. ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெரியில் 1907-இலிருந்து தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. நானும் நாலு முறை போய்ச் சுட்டிருக்கிறேன். ஏரிக்காற்றில் ஒற்றைக் கை ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதை அங்கே நின்றுதான் உணர முடியும்.

அந்த ஆரம்ப வருடத்தில் என்னிடம் இருந்தது பாலிமர் ஃபிரேம் 9 எம்எம் ஒன்றுதான். தம்பி கேட்ட அதே கேள்வியோடு, அதற்கு ஒரு .22 கிட் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஸ்லைடு அலுமினியம். .22-இன் பலவீனமான உதையில் நகர வேண்டுமே, கனமான எஃகு வேண்டாம் என்று அப்படிச் செய்திருந்தார்கள். அப்படியும் எல்லாத் தோட்டாவையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. வேகம் கூடிய, விலையும் கூடிய இரண்டு மூன்று ரகத்தில்தான் ஓடும் என்று கூடவே வந்த தாளில் போட்டிருந்தது. அந்த ரகத்திலேயே ஐம்பது அறுபது குண்டுக்கு ஒரு தடவை காலித் தோட்டா ஸ்லைடில் நெட்டுக்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதி விளிம்பைச் சுற்றித் தடவப்பட்டிருக்கும். எங்காவது விட்டுப்போயிருந்தால் வெடிக்காது. ஈயமும் மெழுகும் கரியும் சேர்ந்து அறைக்குள் அப்பிக்கொள்ளும். இதெல்லாம் .22-க்கே உள்ள குணம். ஆனால் அந்தக் கிட்டில் எல்லாமே இரட்டிப்பாக வந்து சேர்ந்தது.

சிக்குவதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை ஏமாற்றியது ட்ரிக்கர். கிட் வாங்குவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், 'அதே துப்பாக்கி, அதே பிடி, அதே ட்ரிக்கர்' என்பது. கிட்டை மாட்டி இழுத்துப் பார்த்தால் அது என் ட்ரிக்கராகவே இல்லை. ஏன் என்று புரிய எனக்குச் சில மாதம் பிடித்தது. கிளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் ரகப் பிஸ்டல்களில் தோட்டாவை அடிக்கும் ஊசியும் அதன் ஸ்பிரிங்கும் ஸ்லைடுக்குள் இருக்கின்றன. ட்ரிக்கரை இழுக்கும்போது விரலுக்குத் தெரியும் கனத்தில் ஒரு பெரிய பங்கு அந்த ஸ்பிரிங்கினுடையது. ஸ்லைடை மாற்றினால் ட்ரிக்கரில் பாதியை மாற்றிவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம்.

முன்னே சொன்ன கோல்ட் .45-இன் வடிவமான 1911 ரகத்தில் அப்படி இல்லை. ஊசியை அடிக்கும் ஹாமர், அதைப் பிடித்துவைக்கும் சியர், ஸ்பிரிங்குகள் எல்லாமே ஃபிரேமில் குடியிருக்கின்றன. மேல்பாதியை மாற்றினாலும் விரலுக்குத் தெரிவது அதே இழுப்பு, அதே இடத்தில் அதே விடுபடல். செக் நாட்டு சி.இசட் 75-ம் இந்த ரகம்தான். அதற்கு அந்தக் கம்பெனியே 'கடெட்' என்ற .22 கிட்டை எஃகில் செய்தது. கிளப்பில் இருவர் வைத்திருக்கிறார்கள். இரவல் வாங்கிச் சுட்டிருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே கிட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் பிஸ்டலின் ட்ரிக்கர் எந்தப் பாதியில் இருக்கிறது என்று பாருங்கள்.

முதல் கிட்டை விற்ற வருடம்தான் ஒரு 1911 வாங்கினேன். அதன் பிறகு, கண் மங்கிப்போய்ப் போட்டியை விட்ட ஒரு கிளப் நண்பரிடமிருந்து அதற்கான மார்வெல் கம்பெனி .22 கிட்டைப் பழையதாக 450 டாலருக்கு எடுத்தேன். இதில் பேரல் அசையாது; பின்னால் இருக்கும் துண்டு மட்டும் போய்வரும். குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி அசையாத பகுதியின் மேல் உட்காருவதால் அதற்கும் அதிர்ச்சி குறைவு. வேகம் குறைந்த, புல்ஸ்ஐ ஆட்கள் வழக்கமாக வாங்கும் சாதாரணத் தோட்டாவிலேயே ஓடுகிறது. போட்டி விதிப்படி .45 ட்ரிக்கர் மூன்றரை பவுண்டு எடையை விடுபடாமல் தாங்க வேண்டும்; .22-க்கு இரண்டு பவுண்டு போதும். அதனால் இலகுவான ட்ரிக்கர் உள்ள தனி .22 வைத்திருப்பவர்களுக்குத்தானே புள்ளி கூடும் என்று சிலர் கேட்பார்கள். கூடும்தான். எனக்கோ .45-இல்தான் புள்ளி ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு பவுண்டு ட்ரிக்கரில் பழகிய விரல் .45-க்குப் போனதும் முரண்டு பிடித்தது. ஒரே ஃபிரேமில் இரண்டையும் சுட ஆரம்பித்த முதல் குளிர்காலத்திலேயே அது தெளிந்தது. 60 குண்டு .22, உடனே மேல்பாதியை மாற்றி 30 குண்டு .45. .22-இல் நடுவில் கூடிய ஓட்டைகள் .45-இல் இடது பக்கம் கீழே சரிந்தால், தவறு ட்ரிக்கரில் இல்லை, உதைக்குப் பயந்து முன்கூட்டியே கை அமுக்குகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு நேராக உண்மையைச் சொன்னதில்லை.

இனி காசுக் கணக்கு. என் பக்கத்து விலையில் .22 சுமார் 10 சென்ட், 9 எம்எம் 25, கடைத் தோட்டா .45 என்றால் 45 சென்ட். தம்பி 350 டாலர் கிட் வாங்கினால் குண்டுக்கு 15 சென்ட் மிச்சம். 2,300 குண்டு தாண்டினால்தான் போட்ட காசு திரும்பும். என் 450 டாலர், கடைத் தோட்டாவோடு ஒப்பிட்டால் 1,300 குண்டில் திரும்பியிருக்கும். ஆனால் நான் .45-ஐ வீட்டிலேயே தயாரிக்கிறேன். காலி உறைகளைப் பொறுக்கி வந்து, பற்றவைக்கும் ப்ரைமர், மருந்து, ஈயக்குண்டு எல்லாம் சேர்த்தால் 20 சென்ட்தான் ஆகிறது. அந்தக் கணக்கில் 4,500 குண்டு. வாரம் நூறு சுடுகிறவனுக்குப் பத்து மாதத்துக்கு மேல். கராஜில் தோட்டா தயாரிக்கும் பிரஸ் முன்னால் உட்காரும் நேரம் மிச்சமானதற்கு நான் விலை போடவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், அது எனக்குப் பெரிது.

இந்தக் கணக்கைத் தோட்டாவோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. கிட்டுக்கு உண்மையான போட்டி, அதே விலையில் கிடைக்கும் முழு .22 பிஸ்டல். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இந்த இடத்தில் தேர்வு குறைவு. பிறகு 2019-இல் டாரஸ் டிஎக்ஸ்22 வந்தது, அடுத்து கிளாக் 44 வந்தது. ரூகர் மார்க் IV 2016-இலிருந்தே இருக்கிறது. சிலது 350 டாலருக்கும் கீழே. தனிப் பிஸ்டல் என்றால் ரேஞ்சில் கழற்றி மாட்ட வேண்டாம். மகளோ மனைவியோ கூட வந்தால் இருவரும் பக்கத்துப் பக்கத்து லேனில் சுடலாம். என் மகள் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். அப்புறம், குழந்தைகளோடு போகிறவர்கள் ரேஞ்சை விட்டு வந்ததும் எதையும் தொடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்துவிடுங்கள். .22-இல் ஈயம் அதிகம், பெரும்பாலும் செம்பு உறை போர்த்தாத குண்டு.

.40 பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு மலிவான வழி உண்டு. எஃப்.பி.ஐ. .40-ஐ விட்டு 9 எம்எம்முக்குத் திரும்பியதும் பல போலீஸ் துறைகளும் அதே வழியில் போயின, அவர்கள் கழித்த .40 பிஸ்டல்கள் குறைந்த விலையில் சந்தைக்கு வந்தன. அவற்றில் பலவற்றுக்கு 9 எம்எம் பேரலும் மேகசினும் மட்டும் போதும். ஸ்லைடு அதேதான், ட்ரிக்கரும் அதேதான், உதையும் நிஜ உதை. பயிற்சிக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தம்பி, உங்களுடையது ஸ்ட்ரைக்கர் ரகம். கிட் வேண்டாம். அந்த 350 டாலரில் ஒரு தனி .22 வாங்குங்கள். வாங்கும் வரைக்கும் தினமும் பத்து நிமிடம், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்த பிறகு, சுவரைப் பார்த்து ட்ரிக்கரை மட்டும் இழுத்துப் பழகுங்கள். அதற்குக் காசே இல்லை. உங்கள் 9 எம்எம்மில் செய்யலாம்; .22 வாங்கிய பிறகு அதில் செய்யாதீர்கள், பல .22-களில் ஊசி காலி அறையின் விளிம்பைக் குத்திக் கெடுத்துவிடும்.

இல்லை, கிட் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால், வரும் செவ்வாய் ஏழு மணிக்கு எங்கள் கிளப்புக்கு வாருங்கள். காது மூடியும் கண்ணாடியும் என்னிடம் கூடுதலாக இருக்கின்றன. ஒரு பெட்டி .22 மட்டும் எடுத்து வாருங்கள். 1911-இல் இரண்டு மேல்பாதியையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கலாம். வரும்போது ஹைவேயில் பனி இருக்கும், மெதுவாக ஓட்டி வாருங்கள்.