ஸ்டாண்டர்டு எஸ்க்யூஎல்னு சொல்றாங்களே, யார் சோதிச்சது?

டேட்டாபேஸ் விற்கிற நிறுவனங்களின் விளம்பரத்தில் 'ஆன்சி எஸ்க்யூஎல் தரநிலைக்கு இணங்கியது' என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். (எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸோடு பேசுகிற மொழி, ஆன்சி என்பது அமெரிக்கத் தரநிலை அமைப்பு.) டெண்டரிலும் அதே வரியைக் கேள்வியாகக் கேட்பார்கள், பதில் எழுதுகிறவர் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். எந்த ஆண்டின் தரநிலை, அதில் எந்தப் பகுதி, சோதித்தது யார் என்று திருப்பிக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு காலத்தில் சோதிக்க ஆள் இருந்தது. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்கு டேட்டாபேஸ் வாங்குவதற்கு எஃப்ஐபிஎஸ் 127 என்று ஒரு விதி இருந்தது, அதன்படி நிஸ்ட் என்ற அவர்களுடைய தர நிறுவனம் குவெரிகளை, அதாவது எஸ்க்யூஎல்லில் எழுதிய கேள்விகளை, ஓட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தது. 1996-உடன் அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த எஸ்க்யூஎல்:1999, 2003, 2008, 2011, 2016, 2023 எல்லாவற்றுக்கும் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொள்கின்றன. இதில் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொள்வது போஸ்ட்கிரஸ் என்கிற இலவச டேட்டாபேஸ். எஸ்க்யூஎல்:2023-இன் அடிப்படைப் பகுதியில் கட்டாயமான வசதிகள் 177, அவற்றில் குறைந்தது 170 எங்களிடம் இருக்கிறது, முழுசாக இணங்குவதாக இன்று எந்த டேட்டாபேஸும் சொல்லிக்கொள்வதில்லை என்று தன் கையேட்டிலேயே எழுதி, இல்லாதவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

இது இப்படி ஆனதற்கு வரலாறும் காரணம். டேட்டாவை டேபிள்களாக வைக்கும் முறை பற்றிய தன்னுடைய கட்டுரையை எட்கர் கோட் 1970-இல் எழுதினார், ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் இந்த மொழியின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள், 1979-இல் ஆரக்கிள் அதைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டது. ஆன்சியின் முதல் தரநிலை வந்தது 1986-இல். அதற்குள் நிறுவனங்கள் ஆளுக்கொரு வழியில் கிளம்பிவிட்டன, வாடிக்கையாளர்களின் பழைய புரோகிராம்களை உடைக்கவும் முடியாது. அதனால் குழுவில் ஒத்துவராத இடமெல்லாம் 'செயல்படுத்துபவரின் விருப்பம்' என்று எழுதி விடப்பட்டது. உதாரணமாக, வரிசைப்படுத்தும்போது நல் (null, மதிப்பு இல்லை அல்லது தெரியாது என்பதற்கான அடையாளம்) மேலே வரவேண்டுமா கீழே வரவேண்டுமா? விருப்பம். ஆரக்கிளும் போஸ்ட்கிரஸும் நல்லைப் பெரியதாக எடுத்துக்கொள்கின்றன, மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூஎல் சர்வரும் சின்னதாக. நான்குமே தரநிலையை மீறவில்லை! இன்னொன்று, தேடலை வேகப்படுத்த தினமும் போடுகிற கிரியேட் இன்டெக்ஸ் கட்டளை தரநிலையில் எங்குமே கிடையாது. (அந்த ஆவணத்தைப் படித்துச் சரிபார்க்கலாம் என்றால் சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும், பகுதி பகுதியாக.)

ஆனால் 177-இல் 170 என்கிற மாதிரி கணக்கைப் பார்த்து டேட்டாபேஸைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வசதி இல்லையென்றால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. முதல் பத்து வரிகளை மட்டும் எடுக்க மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரஸிலும் லிமிட், எஸ்க்யூஎல் சர்வரில் டாப் என்று எழுதிப் பழகின பிறகு, 2008-இல் தரநிலை சாவகாசமாக வந்து 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்' என்று எழுதுங்கள் என்றது. மைஎஸ்க்யூஎல் இன்றுவரை அதை ஏற்பதில்லை. போட்டுப் பாருங்கள், உடனே இலக்கணப் பிழை என்று கத்தும், மாற்றி எழுதிவிட்டுப் போய்விடலாம், ஐந்து நிமிட வேலை. ஃபுல் அவுட்டர் ஜாயின் (ஜோடி கிடைக்காத வரிகளையும் விடாமல் இரண்டு டேபிள்களை இணைப்பது) அதில் இல்லாததும் இந்த ரகம்தான். என் பயமெல்லாம் வேறு: ஒரே குவெரியை இரண்டு டேட்டாபேஸும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு பதில் தருவது. அந்த மாதிரி இடங்களை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை.

இதில் முதல் பரிசு ஆரக்கிளுக்கு. அதில் நீளம் பூஜ்யமான காலி எழுத்துச்சரம் என்று ஒன்று கிடையாது, இரண்டு மேற்கோள்குறிக்கு நடுவில் ஒன்றுமில்லாமல் எழுதினால் அது நல். தரநிலையில் இரண்டும் வேறுவேறு. 'இன்ஷியல் இல்லாதவர்', 'இன்ஷியல் தெரியாதவர்' என்கிற வித்தியாசத்தை ஆரக்கிளில் அந்த ஒரு பீல்டில் வைக்கவே முடியாது. பெயர் காலியாக இல்லாத எல்லாரையும் எடு என்று நினைத்து, காலிச் சரத்துக்குச் சமமில்லை என்று வேர் (where) என்கிற நிபந்தனைப் பகுதியில் எழுதினால் ஒரு வரிகூட வராது, ஏனென்றால் நல்லோடு எதை ஒப்பிட்டாலும் பதில் 'தெரியாது'தான். பிழைச்செய்தியும் வராது. ஆரக்கிளின் கையேட்டில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது: இப்போதைக்கு இப்படி, வருங்காலத்தில் மாறலாம், இதை நம்பி எழுதாதீர்கள். நானும் பதிப்புக்குப் பதிப்பு எட்டிப் பார்க்கிறேன், அந்த வருங்காலம் வந்தபாடில்லை. அதற்காக அவர்களை ரொம்பவும் திட்டவும் முடியாது, மாற்றினால் உலகம் முழுக்க எத்தனை வங்கிகளின் கணக்கு உதைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதோடு சேர்த்து இரட்டை நெட்டுக்கோட்டையும் பார்க்க வேண்டும். இரண்டு சரங்களை ஒட்ட || என்பதுதான் தரநிலை. ஒட்டுகிற துண்டுகளில் ஒன்று நல் என்றால் மொத்தமும் நல் என்பதும் தரநிலை. ஆரக்கிள் நல்லைக் காலிச் சரமாகப் பாவித்து மற்றதை அப்படியே கொடுத்துவிடும். நம் ஊர் ஆட்களின் டேபிளில் இன்ஷியல் ஒரு பீல்டு, பெயர் ஒரு பீல்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் || போட்டு ஒட்டி முழுப்பெயர் காட்டுகிற ஒரு குவெரி இருக்கிறது, ஆரக்கிளில் வருடக்கணக்காக ஓடுகிறது. லைசென்ஸ் செலவைக் குறைக்க எல்லாவற்றையும் போஸ்ட்கிரஸுக்கு மாற்றுகிறீர்கள். இன்ஷியல் இல்லாதவர்களுக்கு அந்த பீல்டு ஆரக்கிளிலிருந்து நல்லாகத்தானே வரும்? குவெரி ஓர் எழுத்து மாறாமல் ஓடும், இன்ஷியல் உள்ளவர்கள் பெயரெல்லாம் ஒழுங்காக வரும், இல்லாதவர்களின் முழுப்பெயரே மறைந்துபோகும். இத்தனைக்கும் தரநிலைப்படி நடந்தது போஸ்ட்கிரஸ்தான். சோதனை டேட்டாவில் எல்லாருக்கும் இன்ஷியல் இருந்துவிட்டால் முடிந்தது கதை, பட்டியல் அச்சாகி வந்த பிறகுதான் தெரியும்.

அதே || மைஎஸ்க்யூஎல்லில் 'அல்லது' என்று பொருள். 'கண்ணன்' || 'ராமன்' என்று கேட்டால் இரண்டையும் எண்ணாக மாற்றிப் பார்த்துவிட்டு 0 என்று பதில் சொல்லும், ஓரமாக ஓர் எச்சரிக்கையோடு. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? செட்டிங்கில் ஒன்றை மாற்றினால் தரநிலைப்படி நடக்கும், மாற்றாமல் விட்டால் இதுதான்.

மைஎஸ்க்யூஎல் இப்போது எவ்வளவோ திருந்திவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதன் பழைய கதைகளில் ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வயது 18-க்குக் குறையக்கூடாது என்பது மாதிரி ஒரு நிபந்தனையை டேபிளிலேயே எழுதிவைக்க செக் என்று ஒன்று உண்டு, எஸ்க்யூஎல்-89 காலத்துச் சரக்கு. மைஎஸ்க்யூஎல் அதைப் படிக்கும், இலக்கணம் சரிதானா என்று பார்க்கும், 'சரி' என்று சொல்லி டேபிளை உண்டாக்கும், அப்புறம் நிபந்தனையைத் தூக்கிப் போட்டுவிடும். வயது 3 என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். 2019-இல் 8.0.16 பதிப்பு வரும்வரை இதுதான் நிலைமை. நியாயமாகப் பார்த்தால் கையேட்டில் இதையும் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். வேறு டேட்டாபேஸில் பழகிவிட்டு வருகிறவர் கண்ணில் அது எப்படிப் படும்? எனக்கு அந்த வசதியே தெரியாது என்று பிழை காட்டியிருந்தால் அவர் புரோகிராமில் சோதனையை எழுதியிருப்பார். 'தெரியும்' என்று தலையாட்டிவிட்டுச் செய்யாமல் இருந்ததால், தப்பான டேட்டா வருடக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எஸ்க்யூலைட் கதை கொஞ்சம் வேறு. முழு எண் என்று அறிவித்த பீல்டில் 'ஆறு' என்று எழுத்தில் போட்டாலும் வைத்துக்கொள்ளும், அயல்சாவிக் கட்டுப்பாட்டை (ஒரு டேபிள் சுட்டுகிற வரி இன்னொரு டேபிளில் இருந்தே ஆகவேண்டும் என்ற விதியை) நாமாகத் திறந்தால்தான் பார்க்கும். தளர்வாக இருப்பதே எங்கள் கொள்கை என்கிறார்கள், கறார் வேண்டுமென்பவர்களுக்காக 2021-இல் ஸ்ட்ரிக்ட் டேபிள் என்று தனியாக ஒன்றைக் கொடுத்தும்விட்டார்கள். போன் ஆப்புக்குள் இருக்கிற டேட்டாபேஸ் அது, அங்கே பரவாயில்லை. ஆனால் சோதனைக்கு எஸ்க்யூலைட், சர்வரில் போஸ்ட்கிரஸ் என்று ஓட்டுகிறவர்கள் எதைச் சோதிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

தமிழில் டேட்டா வைத்திருப்பவர்களுக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து, யூடிஎஃப்-8 பைட் கணக்கில் பதினைந்து. தரநிலையில் எழுத்துக்கு ஒன்று, பைட்டுக்கு ஒன்று என இரண்டு ஃபங்ஷன் இருக்கின்றன. ஆனால் எல்லாரும் கைப்பழக்கத்தில் எழுதுவது லெங்க்த் என்பதைத்தான், அதைக் கேட்டால் போஸ்ட்கிரஸ் 5 என்கிறது, மைஎஸ்க்யூஎல் 15 என்கிறது. ஆரக்கிளில் வார்சார்2 20 என்று பீல்டு வைத்தால், நாமாக மாற்றாதவரை அது இருபது பைட், இருபது எழுத்து அல்ல. திருநாவுக்கரசு என்ற பெயருக்கு 42 பைட் வேண்டும், பாதிகூட உள்ளே போகாது. ஆனால் பாருங்கள், இங்கே ஆரக்கிள் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது, அதனால் பிழைத்தோம். எஸ்க்யூஎல் சர்வரில் பீல்டை என்வார்சார் (யூனிகோடு எழுத்துக்கான வகை) என்று சரியாகவே அறிவித்திருந்தாலும், உள்ளே போடுகிற சரத்துக்கு முன்னால் என் என்ற ஆங்கில எழுத்தைப் போட மறந்தால், வழக்கமான செட்டிங்கில் 'தமிழ்' என்பது ஐந்து கேள்விக்குறிகளாகப் பதிவாகிவிடும். பதிவு வெற்றி என்ற செய்தியும் வரும். பழைய தமிழ் வலைத்தளங்களில் வரிசையாகக் கேள்விக்குறி நின்ற பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரிப் பக்கங்களில் சிலதுக்காவது இது காரணமாக இருந்திருக்கும்.

எல்லாவற்றிலும் ஆழமான குழி டிரான்ஸாக்‌ஷன் தனிமைப்படுத்தலில், அதாவது ஒரே நேரத்தில் ஓடுகிற வேலைகள் ஒன்றையொன்று குழப்பாமல் பார்த்துக்கொள்வதில், இருக்கிறது, அதைத் தோண்டியதில் தரநிலைக்கே பங்குண்டு. எஸ்க்யூஎல்-92 நான்கு நிலைகளை வகுத்தது, எந்தெந்த மூன்று விபரீதங்கள் நடக்கக்கூடாது என்பதை வைத்து. மூன்றும் நடக்காவிட்டால் அது உச்சநிலையான சீரியலைசபிள் (எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதற்குச் சமமான நிலை) மாதிரியே தெரியும். 1995-இல் டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர் ஜிம் கிரே உள்ளிட்ட சிலர் ஒரு கட்டுரை எழுதி, இந்த வரையறை போதாது, மூன்றையும் தடுத்தும் தப்பான முடிவு வரமுடியும் என்று காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், தரநிலையின் பதிப்பாசிரியராக இருந்த ஜிம் மெல்டனும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். அவர்கள் சொன்ன ஓட்டை இப்படிப்பட்டது: ஆஸ்பத்திரியில் இரவுப்பணிக்கு ஒரு டாக்டராவது இருந்தே ஆகவேண்டும், இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் இருவரும் லீவு போடுகிறார்கள், இரண்டு டிரான்ஸாக்‌ஷனும் 'இன்னொருவர் இருக்கிறாரே' என்று பார்த்துவிட்டுத் தன் டாக்டரை விடுவிக்கின்றன. வேறுவேறு வரிகளைத் தொட்டதால் மோதல் இல்லை, இரண்டும் பதிவாகிவிடும், வார்டில் டாக்டரே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஓடியிருந்தால் இது நடந்திருக்காது. ஆரக்கிளில் சீரியலைசபிள் என்று கேட்டால் கிடைப்பது இந்த ஓட்டை உள்ள நிலைதான். போஸ்ட்கிரஸிலும் 2011-இல் 9.1 வரும்வரை அப்படித்தான் இருந்தது, அதன் பிறகுதான் பெயருக்கு ஏற்ற நிஜமான ஒன்றைக் கட்டினார்கள்.

இப்போது புதிதாக வருகிற டேட்டாபேஸ்களுக்கு ஐஎஸ்ஓ ஒரு பொருட்டே இல்லை, 'போஸ்ட்கிரஸுக்கு இணக்கமானது', 'மைஎஸ்க்யூஎல்லுக்கு இணக்கமானது' என்றுதான் பலகை மாட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆவணத்தைவிட, ஓட்டிப் பார்க்க முடிகிற இலவச புரோகிராம் நல்ல தரநிலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கேயும் இடைவெளி இல்லாமல் இல்லை. காக்ரோச்டிபி போஸ்ட்கிரஸ் மாதிரியே பேசும், போஸ்ட்கிரஸ் டிரைவரை வைத்தே இணைக்கலாம், ஆனால் போஸ்ட்கிரஸ் தானாக எடுத்துக்கொள்வது ரீட் கமிட்டட் என்கிற தளர்வான நிலை, இது எடுத்துக்கொள்வது சீரியலைசபிள். இதுவரை ஒழுங்காக ஓடிய புரோகிராம் நெரிசல் நேரத்தில் டிரான்ஸாக்‌ஷனைத் திரும்ப ஓட்டச் சொல்லி 40001 என்ற பிழையோடு நிற்க ஆரம்பிக்கும். எரிச்சல்தான், மறுமுயற்சிக்கு லூப் எழுத வேண்டியிருக்கும். ஆனால் வாய் திறந்து சொல்கிறது, அதுவும் எஸ்க்யூஎல் தரநிலையிலேயே உள்ள பிழை எண்ணில்.