கையெழுத்துக்கு வந்த பெண்கள்

எங்கள் மகளிரியல் துறை பீரோவில் பழைய எம்.ஃபில். ஆய்வேடுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். கருநீல ரெக்சின் அட்டை, தங்க நிற எழுத்து. தலைப்புகளை வரிசையாகப் படித்தால் ஒரே ஆள் எழுதியது போல இருக்கும். சுய உதவிக் குழுப் பெண்களிடையே வங்கிக் கடன் பற்றிய விழிப்புணர்வு, கல்லூரி மாணவியரிடையே சட்ட விழிப்புணர்வு, கிராமப்புறப் பெண்களிடையே சொத்துரிமை விழிப்புணர்வு. ஊர் மாறும், விழிப்புணர்வு மாறாது. முடிவுரையும் அநேகமாக ஒன்றுதான்: பெண்களுக்குப் போதிய விழிப்புணர்வு இல்லை, அரசு முகாம்கள் நடத்த வேண்டும்.

யாரையும் குறை சொல்லவில்லை. குறுகிய காலத்தில் நூறு நூற்றைம்பது பேரிடம் வினாத்தாள் நிரப்பி, சதவீதம் போட்டு, பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ‘தெரியுமா, தெரியாதா’ என்று கேட்பதுதான் சௌகரியம். ஆனால் பல வருஷமாக மதுரையில் மகளிரியல் நடத்தியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. சொத்து விஷயத்திலாவது அந்த முடிவுரை பொருந்தாது. இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சட்டம் தெரியும். தெரிந்துதான் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

‘பெண்களும் சட்டமும்’ தாளில் சொத்துரிமைப் பகுதியை மாணவிகள் தண்ணீர்பட்ட பாடாக எழுதுவார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சமசொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், எல்லாம் வரும். அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான மகளுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் பங்கு தரவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டம் கல்யாணம் எப்போது ஆனது என்ற கேள்வியையே எடுத்துவிட்டது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் தேதியோடு எழுதுகிற பிள்ளையிடம், “உங்க அம்மா பங்கு வாங்கினாங்களா?” என்று கேட்டால் சிரிப்பாள். “மாமா கூட்டிட்டுப் போனாரு மேடம், கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்க.”

காஜிமார் தெருவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் மாணவி, “எங்கள்ல சட்டம் வேற மேடம், மகனுக்கு ரெண்டுன்னா மகளுக்கு ஒண்ணு. ஆனா கையெழுத்து ஒண்ணுதான்” என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. உடனே இன்னொருத்தி, “நீங்க வாங்கினீங்களா மேடம்?” என்றாள். எங்கள் அப்பா கடைசி வரை வாடகை வீட்டில் இருந்தவர். பிரிப்பதற்கு ஒரு கிரைண்டரும் இரண்டு கட்டிலும்தான். அந்தக் கேள்வியிலிருந்து நான் தப்பித்தது வறுமையின் புண்ணியம்.

திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு என்னிடம் சேர்ந்தார். அவரும் முதலில் விழிப்புணர்வோடுதான் வந்தார். வினாத்தாளைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் போய் உட்காருங்கள் என்றேன். தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் தன் கடையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நானும் சில நாள் கூடப் போனேன்.

முகூர்த்த நாளில் பத்திர ஆபீஸைப் பார்க்க வேண்டும். டோக்கனுக்குக் கூட்டம் அள்ளும். ஒரு வேன் வந்து நிற்கும். முதலில் அண்ணன் இறங்குவார், கையில் மஞ்சள் பை, அதற்குள் தாய்ப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று. பின்னால் அக்கா தங்கச்சிகள். விருதுநகரிலிருந்து ஒருத்தி, திருப்பூரிலிருந்து ஒருத்தி என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்திருப்பார்கள். நல்ல சேலை, தலை நிறைய மல்லிகை. விசேஷ வீட்டுக்குக் கிளம்பியது போலவே இருக்கும். ரைட்டர் பத்திரத்தை மடமடவென்று வாசிப்பார். இன்ன சர்வே எண்ணில் எங்களுக்குள்ள பாத்தியத்தை விடுதலை செய்து கொடுத்தோம், இனி எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் இல்லை. அவர்கள் காதில் விழுகிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே போய் போட்டோ, விரல்ரேகை. முடிந்ததும் எல்லாருக்கும் பிரியாணி, ஆளுக்கு ஒரு சேலை.

குடும்பத்தாருக்குள் எழுதுகிற விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாளுக்குக் கிரயம் என்றால் 7 சதவீதம். பாகப்பிரிவினைக்கும் அதே சலுகை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அக்கா தங்கச்சிக்குப் பாகம் பிரித்துக் கொடுக்க வந்த வேன் எதுவும் நாங்கள் இருந்த நாட்களில் கண்ணில் படவில்லை.

எழுத்தர் சொன்ன ஒரு விஷயம் எங்கள் புத்தகங்களில் இல்லாதது. “முன்னாடியெல்லாம் பொம்பளப் புள்ளைகள யாரு கூப்பிட்டா? அண்ணன் தம்பி பிரிச்சுக்குவாங்க, முடிஞ்சு போச்சு. இப்ப நாலுவழிச் சாலை வந்துச்சு, தோப்பூர்ல எய்ம்ஸ் வருதுன்னாங்க, காடுகரையெல்லாம் பிளாட்டாச்சு. வாங்குறவன் வக்கீல்ட்ட காட்டுறான். வக்கீல் மொதல்ல கேக்குறதே அக்கா தங்கச்சி கையெழுத்து எங்கன்னுதான்.” வங்கிக் கடன் என்றாலும் அதே கேள்விதான். அப்படிப் பார்த்தால் 1989-ம் 2005-ம் இந்த ஊர்களுக்கு வராமல் இல்லை. பங்காக வருவதற்குப் பதில் கையெழுத்தாக வந்திருக்கின்றன.

கையெழுத்து தேவை என்று ஆனதும் அதற்கு ஒரு விலை வந்துவிட்டது. எங்கள் ஆய்வாளர் வீடு வீடாகப் போய், மூன்றாவது நான்காவது சந்திப்பில்தான் இதைக் கேட்க முடிந்தது. ஒருத்தி நகை கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒருத்தி மகனின் பாலிடெக்னிக் பீஸைக் கட்டச் சொல்லியிருக்கிறாள். சேலையோடு திரும்பியவர்கள்தான் நிறைய என்பதும் உண்மை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரண்டு அக்காக்கள். அவர்களுடைய கடைசித் தங்கச்சி புருஷனோடு வாழப் பிடிக்காமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். மேற்குப் பக்க அறையில் அவள் ஆயுள் உள்ளவரை குடியிருக்கலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால்தான் கைநாட்டு என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். சேர்த்த பிறகுதான் போட்டார்கள். அவர்களில் மூத்தவர் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். எந்த விழிப்புணர்வு அளவுகோலில் இவரை நிறுத்துவது?

கையெழுத்துப் போட மறுத்தவர்களும் உண்டு. அண்ணன் விற்க இருந்த மனை அப்படியே நிற்கிறது, பேச்சுவார்த்தை இல்லை. அப்படி ஒரு வீட்டில் மகளுக்குக் காதுகுத்து நடந்தபோது ஒன்றுவிட்ட அண்ணனை மடியில் உட்கார்த்தி வைக்கும் தாய்மாமனாகக் கூப்பிட்டார்கள். மொய் எழுதும் இடத்தில் அந்த அண்ணன் பெயரைப் பற்றிக் கேள்வி கேட்காதவர்கள் இல்லையாம்.

இங்கே செய்முறை என்றால் சும்மா இல்லை. ஆட்டுக்கிடா, தட்டு வரிசை, வேட்டு, பிளக்ஸ் என்று தாய்மாமன் சீர் தெருவையே அடைத்துக்கொண்டு வரும். புருஷன் வீட்டில் ஒரு பெண்ணின் மரியாதை அந்த ஊர்வலத்தின் நீளத்தைப் பொறுத்தது. செத்த பிறகும் முடியாது, பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வர வேண்டும். “நாளைக்கு எனக்குக் கோடி போட ஆளு வேணும்ல தாயி” என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். அவருக்குப் பங்கும் தெரியும், பங்கின் இன்றைய விலையும் தெரியும். அதைக் கொடுத்து எதை வாங்குகிறார் என்பதும் தெரியும். அந்த வியாபாரம் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. அண்ணனுக்குக் கிடைப்பது நிலம், தங்கச்சிக்குக் கிடைப்பது அண்ணன் மனசு வைத்தால் மட்டும் நடக்கிற சீர். ஆனால் அவரைத் தெரியாதவர் பட்டியலில் சேர்த்துவிட்டால் இந்தக் கணக்கைக் கேட்கவே தோன்றாது.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர், “கருதுகோள் எங்கே? மாதிரி அளவு எவ்வளவு?” என்று கேட்டார். சரி, கேட்க வேண்டிய கேள்விதான். “விழிப்புணர்வை ஒரு மாறியாக (வேரியபிளாக) வைத்துக்கொள்ளலாமே” என்றும் சேர்த்தபோது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதே துறையை மார்ச் 8 வந்தால் கோலப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுவதும் வழக்கம் என்பதால் இதெல்லாம் பெரிதாக உறுத்துவதில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் களப்பணி செய்தவர்களுக்கு இன்னொரு சிரமம் தெரியும். 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் அட்டைப்படக் கட்டுரை பெண்சிசுக்கொலையைச் சொல்லி அந்த ஊரை நாடறியச் செய்தது. பல்கலைக்கழகங்களில் மகளிரியல் மையங்கள் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். அன்றிலிருந்து நோட்டும் பேனாவுமாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். “திரும்பவும் பொட்டப்புள்ள கதைதானா?” என்று கதவைச் சாத்துவார்கள். மகளுக்குப் போடும் நகையும் செய்முறையும் குடும்பத்தை எப்படி முடக்குகிறது என்று அன்று எழுதினோம். அதே மகளின் பெயரில் நிலம் ஏன் எழுதப்படுவதில்லை என்ற கேள்வி அந்தக் கட்டுரைகளில் எனக்கு அதிகம் தென்பட்டதில்லை.

இப்போது வகுப்பில் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். மூன்று தலைமுறைக்கு வம்ச வரைபடம் போட்டு, சட்டப்படி யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட வேண்டும். முதல் தடவை கொடுத்தபோதே ஒரு தகப்பனார் போன் செய்தார். “என்னம்மா, எங்க குடும்பத்தப் பிரிக்கப் பாக்குறீங்களா?” பரீட்சைக்கு வரும் கணக்கு என்று சொன்னேன். “அப்ப சரி, மார்க்குக்குத்தானே” என்று வைத்துவிட்டார். அவருக்கு நான்கு சகோதரிகள் என்பது பின்னால் மகள் கொண்டுவந்த வரைபடத்தில் தெரிந்தது.

அப்புறம் பயிற்சியில் இன்னொரு பத்தி சேர்த்தேன். பத்திரம் எல்லா வீட்டிலும் கிடைக்காது, மொய் நோட்டு கிடைக்கும். அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீரை எல்லாம் வரவாகவும், அம்மா விட்டுக்கொடுத்த பங்கின் இன்றைய வழிகாட்டி மதிப்பைச் செலவாகவும் எழுதிவரச் சொன்னேன். செக்கானூரணிப் பக்கத்து மாணவி ஒருத்தி அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருந்தாள். பித்தளை அண்டா, பட்டுச்சேலை, சடங்குக்கு வந்த சங்கிலி என்று வரவு நீண்டது. சங்கிலியை மட்டும் அடித்திருந்தாள்.

“என்னாச்சு?”

“அம்மா எழுத வேணாம்னுட்டாங்க மேடம். மாமா அடுத்த வருஷமே அவசரம்னு வாங்கிட்டுப் போயி அடகு வச்சாராம். திருப்பவே இல்லயாம்.”

வரவிலும் எழுதி, செலவிலும் எழுதச் சொன்னேன். செலவில் வட்டியோடு எழுதலாமா என்று கேட்டாள்.