கேபினட்டுக்கு பின்னாடி நாலு விரல் இடம்

எங்களுது மூவறை வீடு, சோபாவுக்கும் சாமி ஷெல்ஃபுக்கும் நடுவுல மிஞ்சின இடத்துலதான் என்னோட 2 அடி மீன் தொட்டி, அதான் டேங்க், ஒரு கேபினட் மேல நிக்குது. உள்ள கிரிஸ்டல் இறால், அழகுக்கு வளக்குற குட்டி இறால். நம்ம ஊர் வெயில்ல தண்ணி 29, 30 டிகிரி அசால்ட்டா போயிரும், இறால் தாங்காது, அதனால செகண்ட் ஹேண்ட்ல ஒரு சில்லர், அதாவது தண்ணிய குளுர வைக்கிற மெஷின் வாங்கினேன். கேபினட்டுக்குள்ள கேனிஸ்டர் ஃபில்டர் (தண்ணிய இழுத்து வடிகட்டி திருப்பி அனுப்புற டப்பா) பக்கத்துலயே வச்சு கதவ சாத்துனா அது விடுற சூட்டுக்காத்தையே திரும்ப இழுத்துக்கிட்டு ஓயாம ஓடுது, கேபினட் அடுப்பு மாதிரி ஆயிருச்சு. சரின்னு வெளிய எடுத்து பக்கத்துல வச்சேன்.

பிரச்சினையே அப்புறம்தான். சுவத்துக்கும் கேபினட்டுக்கும் நடுவுல நாலு விரல் இடம், ஃபில்டர்லேர்ந்து சில்லருக்கு போயி டேங்குக்கு திரும்புற ஹோஸ் 16/22 சைஸ் (உள்ள 16, வெளிய 22 மில்லிமீட்டர்), அதுல எங்க திரும்பும்? வளைச்சா நடுவுல சப்பையாயிருது. டேங்குக்கு தண்ணி திரும்பி வர்ற ரிட்டர்ன் பைப்ப வாளில விட்டு போன்ல டைம் பாத்தேன், 10 லிட்டர் ரொம்புறதுக்கு 110 செகண்ட், அதாவது மணிக்கு 330 லிட்டர்கூட இல்ல, ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டில 1000னு போட்டிருக்கான். ஓட்டம் கம்மின்னா சில்லர் உள்ள நிக்குற கொஞ்ச தண்ணிய மட்டும் சட்டுனு குளுர வச்சிட்டு ஆஃப் ஆவுது, திரும்ப ஆன் ஆவுது, கம்ப்ரஸருக்கு அது ஆகாது.

மாமா ரிட்டயர் ஆவுறவரைக்கும் ஷிப்யார்டுல பைப் வேலை பாத்தவர். எட்டிப் பாத்துட்டு "மாப்ள, ஹோஸ ஏன் மடக்கிறீங்க, மூலைக்கு எல்போ போடுங்க"ன்னாரு. எல்போன்னா முழங்கை மாதிரி வளைஞ்ச பைப் துண்டு. எல்போவுக்குள்ள ஓட்டை கொஞ்சம் சின்னதுதான், ஆனா நசுங்குன ஹோஸுக்கு அது எவ்வளவோ தேவல. ரெண்டு வாங்கிட்டு வந்தேன். ஹோஸ் முனைய சுடுதண்ணில அரை நிமிஷம் முக்குனா இளகிரும், அப்பதான் உள்ள ஏறும். கிளிப் மாட்டுறப்ப ஸ்க்ரூ தலை நம்ம பக்கம் பாக்குற மாதிரி திருப்பி வச்சுக்கணும், இது எனக்கு ரெண்டாவது கிளிப்புலதான் புத்தி வந்துச்சு, மொதல்ல மாட்டுனது சுவத்த பாத்துருச்சு, ஸ்க்ரூடிரைவர் நுழையல, எல்லாத்தையும் கழட்டி திரும்ப மாட்டினேன்.

கழட்டுறப்ப இன்னொரு கூத்து. உள்ள வர்ற டேப்ப மூடிட்டு ரிட்டர்ன் டேப்ப மறந்துட்டேன். ரிட்டர்ன் முனை தண்ணிக்குள்ள முங்கியிருக்கு, சைஃபன் புடிச்சு, அதாவது மேல இருக்குற டேங்க்லேர்ந்து தண்ணி தானா பைப் வழியா இறங்கி, திரும்பி வந்து ஹால் பூரா ஓடுது. நான் துண்ட தேடுறேன், வீட்டம்மா "ஏங்க, மொதல்ல ப்ளக்க புடுங்குங்க!"ன்னு கத்துறா. எக்ஸ்டென்ஷன் தரையிலதான் கெடந்துச்சு! இப்ப அத சுவத்துல மேல ஏத்தி அடிச்சாச்சு, வயரும் கீழ தொங்கி அப்புறம் மேல ஏறி ப்ளக்குக்கு போவுது, தண்ணி வழிஞ்சாலும் தொங்குற இடத்துலயே சொட்டிரும்.

போன தண்ணிக்கு பதில் ஊத்தணும்ல. ஊர்ல அம்மா வாளில ஒரு நாள் புடிச்சு வச்சா குளோரின் போயிரும், அது போதும்பாங்க, இங்க குழாத்தண்ணில கிருமி சாக குளோரமைன் கலக்குறாங்க, அது அப்படியெல்லாம் சீக்கிரம் போகாது, அத முறிக்கிற மருந்து விட்டே ஆகணும். வாளிய தெறந்து வச்சா கொசு வேற.

இப்ப 10 லிட்டர் 65 செகண்ட்ல ரொம்புது, டேங்க் 24ல நிக்குது. சுவத்து பக்கத்து எல்போல மட்டும் லேசா கசியுதோன்னு ஒரு சந்தேகம். அடியில டிஷ்யூ வச்சிருக்கேன், காலைல பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி கைய விட்டு அதத்தான் தொட்டுப் பாக்குறேன்.