பால் கட்டு இல்லையாம்

மார்ச் 4, 2025
இடது மார்பில் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்து மூன்று வாரம். இன்னும் மூடவில்லை, மஞ்சளாகக் கசிகிறது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. ஜனவரியிலும் இதே இடத்தில்தான் கீறினார்கள். பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது. பால் கட்டியிருக்கும், மல்லிகைப்பூ வைத்துக் கட்டு என்றார் அத்தை. இரண்டு முழம் வாங்கிக் கட்டினேன். வாசனைக்குக் குறைவில்லை.

மார்ச் 11
வேறு டாக்டர். அக்குளில் நெறி கட்டியிருப்பதை இவர்தான் தொட்டுப் பார்த்தார். "முன்னாடி எடுத்த சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்களா?" என்றார். இரண்டு தடவையும் ட்ரேயில் போனதோடு சரி.

இன்று ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ஒரு துண்டு பார்மலின் பாட்டிலில், இன்னொன்று வெறும் சலைனில். எதற்கு இரண்டு? பார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் வளர்த்துப் பார்க்க முடியாது என்றார் நர்ஸ்.

மார்ச் 14
காசநோய். சலைன் பாட்டில்தான் காட்டிக்கொடுத்தது. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவியில் இரண்டு மணி நேர வேலை: கிருமி இருக்கிறது, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும். பார்மலின் துண்டின் பயாப்சியில் கிரானுலோமா, அதாவது அழற்சியில் செல்கள் திரண்ட சிறு முடிச்சு. அதை மட்டும் வைத்துக்கொண்டு வேறு வகை அழற்சி என்று ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் நோய் முற்றியிருக்கும் என்றார் டாக்டர்.

"இருமலே இல்லையே?" நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம்தான். 1829லேயே ஆஸ்ட்லி கூப்பர் என்ற லண்டன் மருத்துவர் மார்பில் வரும் இந்த வீக்கத்தை எழுதிவைத்தாராம். அப்புறமும் எனக்கு இரண்டு கீறல்!

மார்ச் 16
52 கிலோவுக்கு தினமும் நான்கு மாத்திரை, ஒரே வேளையில். சிறுநீர் ஆரஞ்சு நிறம்; முன்பே சொல்லியிருந்தும் பதறிவிட்டேன். தாய்ப்பால் கொடுக்கலாம், புண் ஆறும்வரை வலது பக்கம் மட்டும். பாப்பாவையும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை.

அத்தை என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். டம்ளரில் ஒட்டுகிற நோயா இது?

மே 17
இரண்டு மாதம் முடிந்தது. இனி நான்கு மாதத்துக்கு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை. அதில் எதம்பூட்டால் என்ற மருந்து தொடர்வதால் பார்வை மங்கினால் உடனே வரச் சொன்னார்கள். நெறி சுருங்கிவிட்டது. பஞ்சு வைக்காமல் ஜாக்கெட் போட்டது இன்றுதான், சாயங்காலம்வரை கறை இல்லை.

டம்ளர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.