இலை பார்க்கிற மாமா

போன மாதம் மாமாவுக்குத் தலைத்திவசம் முடிந்தது. மாமா என்றால் என் மாமனார். கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் 1981-லிருந்து டிபன் ஹோட்டல் நடத்தியவர். போர்டில் ஹோட்டல் என்று இருந்தாலும் அவர் வாயில் அது எப்போதும் "கடை"தான். ஆறு மேஜை, நெருக்கி உட்கார்ந்தால் இருபத்துநாலு பேர். திவசத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், காசில்லாதபோது டிபன் கொடுத்தார், பிள்ளை ஃபீஸுக்குக் கடன் கொடுத்தார் என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு மாமா என்றதும் ஞாபகம் வருவது, கடைப் பின்கட்டில் எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருப்பது.

காலை எட்டு மணிக் கூட்டத்தில் கல்லாவை என் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு அங்கே போய் நின்றுவிடுவார். கிளீனர் பையன் கொண்டுவந்து போடுகிற இலைகளை, மடித்திருந்தால் ஒரு குச்சியால் பிரித்துக்கூடப் பார்ப்பார். இட்லியின் ஓரத்தை மட்டும் ஒதுக்கியிருந்தால் உளுந்து பத்தவில்லை. வடை பாதி கிடந்தால் எண்ணெய் குடித்திருக்கிறது. பொங்கலில் மிளகைப் பொறுக்கி வைத்திருந்தால் கவலையில்லை, பொங்கலே மிச்சமிருந்தால் ஆறிப்போய்ப் பரிமாறியிருக்கிறார்கள். நேராகச் சரக்கு மாஸ்டரிடம் போய், சத்தம் போடாமல், "நாளைக்கு உளுந்து ஒரு ஆழாக்கு கூடப் போடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார். மார்கழிக் குளிரில் மாவு பொங்காது என்று அண்டாவுக்குச் சாக்கைப் போர்த்தி அடுப்போரம் நகர்த்தி வைப்பதும், சித்திரை வெயிலில் புளித்துவிடும் என்று ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டச் சொல்வதும் எல்லா ஹோட்டலிலும் உண்டு. ஆனால் சாப்பிட்டவர் வாய் திறந்து சொல்லாததை இலையில் தேடுகிற முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "நல்லா இருக்குன்னு மரியாதைக்குச் சொல்லுவாங்கம்மா, இலை சொல்லாது" என்பார்.

நான் பொள்ளாச்சிக்காரி. 2003-ல் கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, தட்டில் இட்லியை வைத்து "கடப்பா போடட்டுமா?" என்று அத்தை கேட்டபோது நான் விழித்தேன். எனக்குத் தெரிந்த கடப்பா, சமையலறை மேடைக்குப் போடுகிற கறுப்புக் கல். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய் அரைத்துவிட்டு, கொஞ்சம் நெகிழ்வாக இறக்குகிற தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமாச்சாரம் அது. குருமா என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். கடையில் கடப்பாவுக்கென்றே கூட்டம் வந்தது, அந்தப் பக்குவம் அத்தையுடையது. அத்தை ஒரு நாள்கூடக் கடை அடுப்படிக்குள் போனதில்லை, மாஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்ததோடு சரி. ஆனால் மாமா தினமும் மதியம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்குப் பதினோரு பேர் ரெண்டாவது தடவை கடப்பா கேட்டாங்க" என்று கணக்கை ஒப்பிப்பார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் "சோம்பு தூக்கலா இருந்திருக்கும்" என்பார். நாற்பது வருஷத் தாம்பத்யத்தில் இதைவிட நேரடியாக அவர்கள் கொஞ்சிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டின் நல்லது கெட்டது எல்லாமே மதியம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்தான், ஏனென்றால் கடை காற்றாடுகிற நேரம் அதுதான். நாத்தனாருக்கு வரன் பார்த்தது, பத்திரம் எழுதியது, என் மகனுக்குக் கல்லாச் சில்லறையைக் கொட்டி ஐந்து ஐந்தாக அடுக்கிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில். காலை பத்து மணிக்கு நடக்கிற பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அப்பா ஒரு தடவைகூட வந்ததில்லை என்ற குறை என் கணவருக்கு இன்னும் இருக்கிறது. அது நியாயமான குறைதான். செத்துப்போய்விட்டார் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

வீட்டிலும் தட்டைப் பார்ப்பார். நான் ஒரு நாள் கணவரோடு சண்டை போட்டுவிட்டு, முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து சிரித்துப் பேசியபடி சாப்பிட்டேன். எதிரே இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தட்டில் நான் பிசைந்து பிசைந்து வைத்திருந்த ரசம் சாதத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் மகனைத் திண்ணைக்குக் கூப்பிட்டார். என்ன பேசினார் என்று இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை.

2004 எங்கள் வீட்டில் மறக்க முடியாத வருஷம். மார்ச் 6 மகாமகம். மூன்று நாள் அடுப்பு அணையவில்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள்கூட வந்து வெங்காயம் உரித்தார்களாம். நான் பொள்ளாச்சியில் பிரசவத்துக்குப் போயிருந்தேன், அதே வாரம் மகன் பிறந்தான். கூட்டம் வடிந்த பிறகுதான் மாமா பஸ் பிடித்து வந்தார், சட்டையில் இன்னும் தோசைக்கல் வாசனை. ஜூன் மாதம் குழந்தையோடு கும்பகோணம் வந்துவிட்டேன். ஜூலை 16 வெள்ளிக்கிழமை, அந்தப் பள்ளிக்கூடத் தீ. 94 குழந்தைகள். கடை ஷட்டரை இறக்கிவிட்டு, அண்டாவில் காய்ந்துகொண்டிருந்த பாலை அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோனார். யாரும் குடித்தார்களா என்று தெரியாது. ராத்திரி திரும்பி வந்து, தூளியிலிருந்த என் மகனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு விடிகிறவரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிடிவாதமும் உண்டு. விலை ஏற்றச் சொன்னால் காது கேட்காது. 2016 நவம்பரில் 500, 1000 செல்லாமல் போனபோது கல்லாவில் சில்லறையே இல்லை, வந்தவர்களையெல்லாம் சாப்பிடச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று கேட்டால் "வந்தது" என்பதோடு முடித்துக்கொள்வார். 2019-ல் பிளாஸ்டிக் தடை வந்து மற்றவர்கள் திண்டாடியபோது மட்டும் கொஞ்சம் கர்வப்பட்டார், அவர் கடையில் பார்சல் என்றைக்கும் வாழையிலைதான், சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டுவரச் சொல்லிவிடுவார்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. கடைசி இரண்டு மாதம் கூடத்துக் கட்டிலில். காலையில் கொழுந்தனார் கடையிலிருந்து நாலு இட்லியும் கடப்பாவும் இலையில் கட்டி அனுப்புவார். அதை நான்தான் பிரித்து அவர் முன்னால் வைப்பேன். வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் இலையைத் தன் பக்கமாக அழகாக மடித்து வைத்திருப்பார். "ஆச்சும்மா, எடுத்துக்கோ." முதல் நாள் நான் நம்பிவிட்டேன். இரண்டாம் நாள் கொல்லைப்பக்கம் போய்ப் பிரித்துப் பார்த்தேன். மூன்று இட்லி அப்படியே இருந்தது, ஒன்றை மட்டும் விண்டு விண்டு பரப்பி வைத்திருந்தார். கடப்பாவில் விரல் பட்ட அடையாளமே இல்லை.

சமையலறையிலிருந்து அத்தை கேட்டார், "கடப்பா எப்படி இருந்துச்சாம்?"

"ரெண்டாவது தடவை கேட்டார் அத்தை" என்றேன்.