சி.எஸ்.ஐ.ஆர். நெட்: செல் சிக்னலிங்கில் நான் தவறவிட்ட ஒரு கேள்வி

அறிவியல் ஆராய்ச்சிக்கும் விரிவுரையாளர் பணிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. மூன்றாவது முயற்சியில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டது. இப்போதுதான் ஒழுங்காகத் தூக்கம் வருகிறது. எல்லா யூனிட்டையும் எழுதப் போவதில்லை. என்னை இரண்டு முறை கவிழ்த்த சிக்னலிங் (செல்லுக்குள் செய்தி கைமாறும் விதம்), கேன்சர் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து 'வளரு' என்ற செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தும் புரதங்களை ராஸ், ராஃப், மெக், எர்க் என்று அம்புக்குறி போட்டே ஒரு வருடம் ஓட்டினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை சொல்வேன். வினாத்தாளின் கடைசிப் பகுதியான பார்ட் சி-யில் அந்த வரிசையை யார் கேட்கிறார்கள்? போன முறை, ராஸில் 12-ஆம் இடத்து அமினோ அமிலமான கிளைசின் மாறினால் என்ன ஆகும் என்று வந்தது. கேன்சர்தானே, என்சைம் வேகம் கூடும் என்று குறித்துவிட்டேன். பறக்கும் ரயிலில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. குவானோசின் ட்ரைபாஸ்பேட்டை உடைத்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்வதுதான் ராஸின் என்சைம் வேலை. அது கெட்டால் ராஸ் அணையாது. வேலை செத்ததால்தான் கேன்சர்!

அன்றிலிருந்து எந்த என்சைமைப் படித்தாலும் முதல் கேள்வி: இதை அணைப்பது யார்? விடையைச் சிவப்பு மையில் எழுதினேன். இந்த ஒரு பழக்கம்தான் என்னைக் கரை சேர்த்தது.

- பி.ஐ.3 கைனேஸ் என்ற என்சைம் பிப்-3 என்ற கொழுப்பைச் செய்யும், பிடென் என்ற என்சைம் அதிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும். பிடென் போனால், பிப்-3 தூண்டிவிடும் ஏ.கே.டி. என்சைம் ஓயாது.
- கோழியின் சார்க் என்ற என்சைமில் 527-ஆம் டைரோசினில் பாஸ்பேட் இருந்தால் என்சைம் அடங்கியிருக்கும். பாஸ்பேட் என்றாலே 'ஆன்' என்று நினைக்காதீர்கள்.
- பி-ராஃபில் 600-ஆம் வேலின் குளுட்டமேட் ஆனால், தூண்டும் பாஸ்பேட் ஏறியது போலவே 'ஆன்' ஆகி நிற்கும்.
- குரூப் ஸ்டடி வேண்டாம். தனியாக, கையால் எழுதுங்கள்.

அப்புறம், பி.சி.ஆர்-ஏபிஎல்: சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்சைம். என் அத்தைக்கு அந்த சி.எம்.எல். தினமும் சாப்பாட்டோடு, அந்த என்சைமை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 400 மில்லிகிராம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். ஒருநாள் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கியபடியே கேட்டார்: "ஏம்மா, இது உள்ள போய் என்னதான் பண்ணுது?" 9, 22 குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு இந்த என்சைம் உருவாகும் கதையெல்லாம் அவரிடம் எடுபடாது. "அந்த என்சைமுக்குள்ள ஏ.டி.பி.ன்னு சக்தி தர்ற மூலக்கூறு வந்து உக்கார ஒரு சீட் இருக்கு அத்தை. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி இந்த மாத்திரை முன்னாடியே போய் உக்காந்துக்கும்" என்றேன். சொல்லும்போதே எனக்கு இன்னொன்று விளங்கியது. அந்த என்சைமில் 315-ஆம் த்ரியோனின் ஐசோலூசின் ஆனால் மருந்து ஏன் தோற்கிறது? சீட்டின் வடிவம் மாறிவிடுகிறது, துண்டு நிற்பதில்லை. ஏ.டி.பி. மட்டும் வழக்கம்போல வந்து உட்காருகிறது. அதை அத்தையிடம் சொல்லவில்லை.