வலிக்காத கட்டி

மார்பில் கட்டி, ஆனால் வலி இல்லை என்று குடியாத்தம் பக்கம் எத்தனையோ அக்காமார் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மார்பகப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, அதுதான் பயமே!

டாக்டர் கையால் பார்ப்பார், மேமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) ஸ்கேனோ எடுப்பார், அப்புறம் ஊசியால் துளி சதை எடுத்து, புற்றா என்று பார்க்கும் பயாப்சி. ஊசி பட்டால் நோய் பரவும் என்று நம்மூரில் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அந்தச் சோதனையை வைத்துத்தான் சிகிச்சையையே முடிவு செய்கிறார்கள். சீக்கிரம் போனால் பலருக்கு மார்பை முழுசாக எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும், சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு எடுத்துவிட்டு கதிர்வீச்சு கொடுப்பார்கள்.

ஆண் டாக்டர் என்று கூச்சமா? பிரசவத்துக்கு ஆண் மருத்துவர் வேண்டாமென்று பெண்கள் இறந்ததைப் பார்த்துத்தான் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் என்ற பெண்மணி மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். பெண் டாக்டர் வேண்டும் என்று தைரியமாகக் கேளுங்கள் அக்கா.